ஒருபால் விழைவும் சைவர் கடப்பாடும்

ஒருபால் விழைவு மேனாட்டுச் சரக்கென்பார் ஒருசாரார்; அதற்கு மாதொருபாகன் திருவுருவே சான்றென்பார் மற்றொரு சாரார். இரண்டும் பொருந்தா. அதனைக் குற்றமாக்கிய 377-ஆம் பிரிவன்றோ 1860-இல் ஆங்கிலேயர் இயற்றியது? வயதுவந்தோர் மனமொத்த கூட்டத்தை அப்பிரிவினின்றும் நம் உச்சநீதிமன்றம் நீக்கியது 2018-இல். இனி, அம்மையப்பர் வடிவம் சிவமுஞ் சத்தியும் பிரிவின்மையை உணர்த்துவது. உலகியற் காமத்திற்கு அளவையாகாது.

ஆயின் சித்தாந்தம் கூறுவதென்னை? ஆண், பெண் என்னும் வேற்றுமை மாயையினாய உடலுக்கே; உயிர்க்கு அஃதில்லை. ஆணவமோ எல்லாவுயிர்க்கும் பொது. பிறரை இகழ்வாரும் அதன் வயப்பட்டாரே. ஆதலின், பெற்றோர் துரத்திய பிள்ளைக்குத் திருக்கோயில் வாயிலையும் அடைத்தல் சைவமாகாது. அன்பர்கள் சிந்திப்பாராக.