மெய்யர், பொய்யர், நிபந்தனை: ஐயுறப்பட்டோர் புதிர்களில் சான்றுரையின் இடம்

ஆய்வுச் சுருக்கம்

ஐயத்திற்கு ஆளானவர்களின் கூற்றுகளை மட்டும் கொண்டு குற்றவாளியைக் கண்டறியச் சொல்லும் தருக்கப் புதிர்கள், ஆள்மீது வைக்கும் நம்பிக்கையை நீக்கிவிட்டு அறிவை மட்டுமே சார்ந்திருப்பதாகத் தோன்றுகின்றன. அந்நம்பிக்கை நீங்கவில்லை, புதிரை முன்வைப்பவரின் நிபந்தனைக்குள் இடம்பெயர்ந்துள்ளது. இதனை ரேமண்ட் ஸ்மல்யனின் புதிர்கள், மணிமேகலை கூறும் அளவைகள், சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதை ஆகியவற்றின்வழி இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: தருக்கப் புதிர், சான்றுரை, மீட்சி, ஆகமம், வழக்குரை காதை

முன்னுரை

தேசியத் தகுதித் தேர்வை எழுதும் தமிழாய்வாளர் எவரும் முதல் தாளின் தருக்கப் பகுதியைக் கடந்தே செல்ல வேண்டும். அப்பாடத்திட்டத்தில் வாதங்களின் அமைப்பும் இந்தியத் தருக்கவியலின் பிரமாணங்களும் ஒரே அலகில் வைக்கப்பட்டுள்ளன. ஆயினும், புதிர் அவிழ்த்தலை விரைவுத் திறனாகவும் பிரமாணங்களை மனப்பாடத்திற்குரிய பட்டியலாகவும் தனித்தனியே பயிலும் வழக்கமே மிகுதி. ஒன்றை மற்றொன்றின் துணையால் திறனாய முடியும் என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

புதிரின் கட்டமைப்பு

அமெரிக்கத் தருக்கவியலாளர் ரேமண்ட் ஸ்மல்யன் (1919–2017) 1978இல் வெளியிட்ட ‘இந்நூலின் பெயர் என்ன?’ என்னும் நூல் இவ்வகைப் புதிர்களைப் பரவலாக்கியது. அதில் வரும் தீவில் மெய்யர் எப்போதும் மெய்யே உரைப்பர். பொய்யர் எப்போதும் பொய்யே உரைப்பர். அத்தீவினர் எவரும் ‘நான் பொய்யன்’ எனக் கூற இயலாது. மெய்யர் கூறினால் அது பொய்யாகும்; பொய்யர் கூறினால் அது மெய்யாகிவிடும். வழக்கமாக உரைப்பவரின் தன்மையைக் கொண்டு உரையை மதிப்பிடுகிறோம். இங்கு உரையைக் கொண்டு உரைப்பவரின் தன்மை அறியப்படுகிறது. இத்தலைகீழ் மாற்றமே இவ்வடிவத்தின் கவர்ச்சி.

இதே முறையில் அமைந்த சிறு புதிர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மூவருள் ஒருவர் மட்டுமே திருடியவர். முதலாமவர், ‘திருடியவர் இரண்டாமவர்’ என்கிறார். இரண்டாமவர், ‘நான் திருடவில்லை’ என்கிறார். மூன்றாமவரும் ‘நான் திருடவில்லை’ என்கிறார். மூன்று கூற்றுகளுள் ஒன்று மட்டுமே மெய். திருடியவர் யார்?

ஒவ்வொருவரையும் குற்றவாளி எனக் கொண்டு சோதித்துப் பார்க்கலாம். அதனினும் எளிய வழி முரணைத் தேடுவது. முதல் இரு கூற்றுகளும் ஒன்றையொன்று மறுக்கின்றன. ஆகவே அவற்றுள் ஒன்று மெய், மற்றொன்று பொய். மெய்க்கூற்று ஒன்றே என்பதால் மூன்றாம் கூற்று பொய்யாதல் வேண்டும். எனவே திருடியவர் மூன்றாமவர்.

நிபந்தனையும் தீர்ப்பும்

தீர்வு ஐயத்திற்கு இடமற்றது. ஆனால் விளைவு சிந்திக்கத்தக்கது. மூன்றாமவர்மீது எவரும் குற்றம் சாட்டவில்லை. அவருக்கு எதிராகப் பொருட்சான்றும் இல்லை. அவரைக் குற்றவாளியாக்கியது ‘ஒன்று மட்டுமே மெய்’ என்னும் ஒரு வரி.

கூற்றுகளில் ஓர் எழுத்தையும் மாற்றாமல் அவ்வரியை மட்டும் ‘ஒன்று மட்டுமே பொய்’ என மாற்றினால், முதல் இரு கூற்றுகளுள் ஒன்று பொய் என்பது முன்னரே உறுதியாதலின் மூன்றாம் கூற்று மெய்யாகிறது. மூன்றாமவர் விடுபடுகிறார், மற்ற இருவருள் யார் என்பது தீர்மானிக்க இயலாததாகிறது. ‘ஒன்றேனும் மெய்’ என மாற்றினால் மூவருள் எவரையும் விலக்க இயலாது. ஆக, தீர்ப்பைத் தருவது மூவரின் சொற்கள் மட்டுமல்ல. பெயரோ முகமோ இல்லாத நான்காவது குரலும் அதில் பங்கேற்கிறது. நிபந்தனை கூறும் அக்குரலைப் புதிர் அவிழ்ப்பவர் ஐயுறுவதில்லை. ஐயுற்றால் புதிரே இல்லை.

மீட்சியும் ஆகமமும்

மணிமேகலையின் சமயக் கணக்கர்தம் திறம்கேட்ட காதையில் அளவைவாதி மெய்யறிவுக்குரிய அளவைகள் பத்தினை விளக்குகிறான். அவற்றுள் மீட்சி என்பது, இராமன் வென்றான் எனக் கேட்டு இராவணன் தோற்றான் என அறிவது. பிற வாய்ப்புகளை விலக்கி எஞ்சியதைக் கொள்ளும் புதிர்த் தீர்வு இம்மீட்சியின் விரிவே ஆகும். போரிட்டோர் இருவர், இருவருள் ஒருவர்க்கே வெற்றி என்னும் வரையறை முன்னரே இருந்தால்தான் மீட்சி செல்லும். அந்த வரையறையை மீட்சியால் பெற இயலாது. வேறோர் அளவையிலிருந்துதான் பெற வேண்டும்.

அறிவுடையோர் உரைத்ததை ஏற்று அறியும் ஆகமமும் அக்காதையின் அளவைகளுள் ஒன்று. புதிரின் நிபந்தனை செயற்படுவது இந்த ஆகமத்தின் இடத்திலேயே. ஐயுறப்பட்ட மூவரின் சொல்லுக்கு மறுக்கப்படும் நம்பிக்கை, புதிரை முன்வைப்பவரின் சொல்லுக்கு முழுமையாக வழங்கப்படுகிறது. ‘கருதலளவை மட்டும் போதும்’ எனப் புதிர் தோற்றம் காட்டினாலும் அதன் அடித்தளம் உரையளவையே.

ஸ்மல்யனின் தற்சோதனை

இவ்வரம்பை ஸ்மல்யனே அறிந்திருந்தார். ஷேக்ஸ்பியரின் ‘வெனிஸ் வணிகன்’ நாடகத்துப் போர்ஷியாவின் பேழைகளை அவர் தம் நூலில் பலவாறு மாற்றிப் புதிராக்குகிறார். அவற்றுள் ஒன்றில் பொற்பேழையின்மேல் ‘உருவப்படம் இதில் இல்லை’ என்றும் வெள்ளிப்பேழையின்மேல் ‘இவ்விரு கூற்றுகளுள் ஒன்று மட்டுமே மெய்’ என்றும் பொறிக்கப்பட்டுள்ளன. வெள்ளியின் கூற்று மெய்யாயின் பொன்னின் கூற்று பொய். அது பொய்யாயினும் பொன்னின் கூற்று பொய்யாகவே வேண்டும் எனக் கணித்து, மணம் நாடி வந்தவன் பொற்பேழையைத் திறக்கிறான். அது வெறுமையாக இருக்கிறது. படம் வெள்ளிப்பேழையில் உள்ளது.

அவனது கணிப்பில் படிநிலைப் பிழை இல்லை. பேழைமேல் எழுதிய ஒவ்வொன்றும் மெய்யாகவோ பொய்யாகவோ இருந்தே தீரும் என அவனாகக் கொண்டதே பிழை. அவ்வாறு எவரும் அவனுக்கு உறுதியளிக்கவில்லை. எதையும் பேழைமேல் பொறித்துவிடலாம். பொறித்ததனால் உள்ளிருக்கும் பொருள் மாறிவிடாது. நான்காவது குரல் பேசாதபோதும் அதைக் கேட்டதாகக் கொள்ளும் பழக்கத்தையே ஸ்மல்யன் இங்குச் சோதிக்கிறார்.

1996இல் ஜார்ஜ் பூலோஸ் வெளியிட்ட, ‘மிகக் கடினமான தருக்கப் புதிர்’ என அறியப்படும் மூன்று கடவுளர் புதிரும் இதற்கு வேறொரு கோணத்தைத் தருகிறது. ஒரு கடவுள் மெய்யே கூறுவார். ஒருவர் பொய்யே கூறுவார். மற்றொருவர் எவ்வித ஒழுங்குமின்றி விடையளிப்பார். அதன் தீர்வில் முதல் வினா, ஒழுங்கற்றவர் அல்லாத ஒருவரைக் கண்டடையவே பயன்படுகிறது. எப்போதும் பொய்யே கூறுபவரும் ஒருவகையில் நம்பத்தக்கவர். அவர் கூற்றைத் திருப்பிக்கொண்டால் போதும். உண்மையில் இடர் தருபவர் மெய்யையும் பொய்யையும் கலந்துரைப்பவரே.

வழக்குரை காதை: நிபந்தனை கூறுவார் இல்லாத மன்றம்

சிலப்பதிகாரத்தின் பொற்கொல்லன் இக்கலப்பின் உருவம். கோவலன் கையில் சிலம்பு உண்டு என்பது மெய். அவன் கள்வன் என்பது பொய். தேவியின் சிலம்பு அவன் கையில் இருப்பின் கொன்று கொணர்க என்பது மன்னன் ஆணை. காவலர் கண்டது ஒரு சிலம்பு. அது தேவியின் சிலம்புதானா என்பது சோதிக்கப்படவில்லை. பொற்கொல்லன் உரையில் மெய்யான பகுதி சரிபார்க்கப்பட்டு, அதன் வலிமையால் பொய்யான பகுதியும் ஏற்கப்பட்டது. கோவலன் தோற்றத்தைக் கண்டு ‘இவன் கொலைக்குரியவன் அல்லன்’ எனக் காவலருள் எழுந்த ஐயமும் பொற்கொல்லனின் களவுநூல் விளக்கத்தில் அமிழ்ந்தது.

மன்றத்தில் கண்ணகி மேற்கொண்ட நெறி வேறு. அவள் பொற்கொல்லனின் தன்மையை ஆராயவில்லை. கோவலன் நல்லன் என நிறுவவும் முற்படவில்லை. தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள். தம் சிலம்பின் பரல் முத்து என்கிறான் மன்னன். இவ்வாறு சிலம்பு உடைபடுமுன்னரே இரு வாய்ப்புகள் எதிரெதிர் நிறுத்தப்படுகின்றன. புதிரில் ஆசிரியர் விதிக்கும் வரையறையை இங்கு வழக்கின் இரு தரப்பினரும் தம் வாயாலேயே அமைத்துவிடுகின்றனர். அதன்பின் சிலம்பு உடைக்கப்படுகிறது, மணி தெறிக்கிறது. முத்தன்று எனின் தேவியின் சிலம்பன்று என்னும் மீட்சிக்குக் காட்சியளவை அடித்தளமாகிறது. மன்னனும் மறுமொழியின்றி ஏற்கிறான்.

முடிவுரை

இப்புதிர்கள் பயனற்றவை என்பது இக்கட்டுரையின் முடிவன்று. முரணைக் கண்டறியவும், ஒரு கூற்றிலிருந்து எது பெறப்படும், எது பெறப்படாது எனப் பிரித்தறியவும் அவை தரும் பயிற்சி மதிப்புடையது. ஆயினும் விடையைக் கண்டவுடன் பயிற்சி முடிந்துவிடுவதாகக் கொள்வது, நிபந்தனை கூறுபவரை ஐயுறாத மனநிலையையே வளர்க்கும். ‘மூவருள் ஒருவரே’, ‘ஒன்று மட்டுமே மெய்’ என்பவற்றை யார், எதன் அடிப்படையில் கூறினார் என்னும் வினாவை வகுப்பறையில் ஒவ்வொரு தீர்வுக்குப் பின்னும் எழுப்புதல் வேண்டும். மணிமேகலையின் அளவைப் பட்டியல் அவ்வினாவிற்குரிய கலைச்சொற்களைத் தருகிறது. வழக்குரை காதை அவ்வினா எழுப்பப்படாத ஆணையின் விளைவைக் காட்டுகிறது. கோவலன் கொல்லப்பட்ட பின்னரே சிலம்பு உடைக்கப்பட்டது. வரையறையைச் சோதிக்கும் காலம் தீர்ப்புக்கு முன்னையதாக இருத்தல் வேண்டும்.