நாஸ் பெட்டியில் காப்ளர்: டிஸ்க் மிச்சம், தலைவலி இலவசம்

நாற்பது கணினி உள்ள ஒரு லேபுக்கு லினக்ஸ் போட வேண்டும் என்றால், பென் டிரைவை எடுத்துக்கொண்டு மேசை மேசையாக நடப்பது வேலைக்கு ஆகாது. ஒரு இன்ஸ்டலேஷன் சர்வர் வைத்துவிட்டால், ஒவ்வொரு கணினியிலும் நெட்வொர்க் பூட் கொடுத்தால் போதும், மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும். இந்த வேலைக்குப் பேர்போன மென்பொருள் காப்ளர். 2006 வாக்கில் ரெட் ஹேட்டில் இருந்தபோது மைக்கேல் டிஹான் எழுதியது. பிற்பாடு ஆன்சிபிள் எழுதியவரும் அவரே.

காப்ளர் பற்றிய செய்முறைக் குறிப்புகளில் அடிக்கடி தட்டுப்படும் யோசனை ஒன்று: "ஐஎஸ்ஓ கோப்புகள் இடத்தை அடைக்குதா? காப்ளரின் வெப் டைரக்டரியை நாஸ் பெட்டியிலிருந்து என்எஃப்எஸ் வழியாக மவுண்ட் பண்ணிடுங்க." ஒரே வரி. டிஸ்க் பிரச்சினை தீரும் என்பது உண்மைதான். ஆனால் அந்த ஒரு வரி எதையெல்லாம் சொல்லாமல் விடுகிறது என்று பார்ப்போம்.

முதலில் அந்த யோசனைக்கு நியாயம் செய்துவிடுகிறேன். "என்எஃப்எஸ் ஸ்லோ" என்று சொல்லி இதை மறுப்பவர்கள் உண்டு. அது சரியான மறுப்பு இல்லை. ஒரு கணினிக்கு 2 ஜிபி என்று வைத்தால், 40 கணினிக்கு 80 ஜிபி. கிகாபிட் வயரில் நிஜமாகக் கிடைப்பது நொடிக்கு சுமார் 110 எம்பி. கணக்குப் போட்டால் 12 நிமிடம்தான். பழைய 100 எம்பிபிஎஸ் ஸ்விட்ச் என்றால் அதே வேலை 2 மணி நேரம். நாஸிலிருந்து சர்வருக்கு உள்ளே வருவதும், சர்வரிலிருந்து லேபுக்கு வெளியே போவதும் எதிரெதிர் திசை. ஃபுல் டூப்ளெக்ஸில் ரெண்டும் மோதாது. மேலும் எல்லாக் கணினியும் கேட்பது அதே பேக்கேஜ்களை. முதல் தடவை படித்ததும் அது சர்வரின் பேஜ் கேஷில் உட்கார்ந்துவிடும். ஆக வேகத்தைத் தீர்மானிப்பது ஸ்விட்ச், என்எஃப்எஸ் இல்லை.

பிரச்சினை வேறு இடத்தில் இருக்கு.

ஒன்று, கரண்ட். கரண்ட் போய்த் திரும்பி வரும்போது சர்வரும் நாஸும் ஒரே நேரத்தில் எழும். நாஸ் பெட்டி பெரும்பாலும் மெதுவாகத்தான் எழும். மவுண்ட் கிடைக்கவில்லை என்றாலும் சர்வர் எழட்டும் என்று எஃப்எஸ்டேப்பில் 'நோஃபெயில்' போட்டிருப்போம். அப்போது மவுண்ட் இருக்க வேண்டிய இடத்தில் இருப்பது வெறும் காலி டைரக்டரி. இந்த நிலையில் யாராவது காப்ளர் சிங்க் கொடுத்தால், அது முதலில் பழைய பூட் கோப்புகளைத் துடைத்துவிட்டு, பிறகு மூலத்திலிருந்து மறுபடி எடுத்து வைக்கப் பார்க்கும். மூலம் இல்லை. நேற்று வரை பூட் ஆன லேப் இன்று ஆகாது. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அடித்த கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்குக் கரண்ட் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

இரண்டு, ஹார்ட் மவுண்ட். என்எஃப்எஸ்ஸின் இயல்பு நிலை இதுதான். நாஸ் பதில் சொல்லாவிட்டால், கேட்ட புராசஸ் காத்துக்கொண்டே இருக்கும். அப்பாச்சியின் வொர்க்கர்கள் ஒவ்வொன்றாகச் சிக்கி, கடைசியில் என்எஃப்எஸ்ஸைத் தொடாத கோரிக்கைக்கும் பதில் வராது. என்ன ஆச்சு என்று பார்க்க 'டிஎஃப்' அடித்தால் அதுவும் தொங்கும்.

மூன்று, அப்பாச்சி கோப்புகளை எம்மேப் வழியாகப் படிக்கும். இது இயல்பாகவே ஆன். என்எஃப்எஸ்ஸில் உள்ள கோப்பை அப்படிப் படிக்கும்போது அந்தப் பக்கம் யாராவது அதை அழித்தாலோ சுருக்கினாலோ புராசஸ் கிராஷ் ஆகலாம் என்று அப்பாச்சியின் ஆவணமே எச்சரிக்கிறது. செய்முறைக் குறிப்புகள் இதைச் சொல்வதே இல்லை.

நான்குதான் எனக்கு உறுத்துவது. காப்ளர் இம்போர்ட் ரூட்டாக ஓடும். நாஸில் ரூட் ஸ்குவாஷ் இருந்தால் எழுத அனுமதி கிடைக்காது. உடனே எல்லோரும் செய்வது, அந்தப் பாதுகாப்பையே எடுத்துவிடுவது. சாதாரண என்எஃப்எஸ் யாரை நம்புகிறது? ஐபி முகவரியை. லேபில் ஒரு மாணவர் தன் லேப்டாப்பைச் சொருகி அந்த முகவரியைப் போட்டுக்கொண்டால், நிறுவல் கோப்புகளை ரூட்டாகத் திருத்தலாம். அடுத்த முறை 40 கணினியும் அந்தத் திருத்திய கெர்னலோடுதான் எழும். பத்தாயிரம் ரூபாய் டிஸ்க்கை மிச்சம் பிடிக்க இது விலை என்றால், ரொம்ப அதிகம்.

நம்ம ஊர் உதாரணம் ஒன்று. 2004-லிருந்து வீராணம் தண்ணீர் சேத்தியாத்தோப்பில் பம்ப் ஆகி, வடக்குத்தில் சுத்தமாகி, 200 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து சென்னைக்குப் போகுது. அங்கே யாரும் அந்தக் குழாயில் நேராக வாய் வைத்துக் குடிப்பதில்லை. நடுவில் நீர்த்தேக்கத் தொட்டி, வீட்டுக்கு வீடு ஒரு தொட்டி. அதனால்தான் பம்ப் அரை நாள் நின்றாலும் காபி போட முடியுது. காப்ளரின் எல்லாவற்றையும் நாஸில் வைப்பது தொட்டியே இல்லாமல் குழாய் இழுப்பது மாதிரி. பேஜ் கேஷ் ஒரு குடம், அவ்வளவுதான்.

அப்போ என்ன செய்யலாம்? கெர்னல், இனிட்ஆர்டி, டிஎஃப்டிபி டைரக்டரி, காப்ளரின் கான்ஃபிக் எல்லாம் சர்வரின் சொந்த டிஸ்க்கில் இருக்கட்டும். மொத்தமே சில நூறு எம்பிதான். பேக்கேஜ் மரம் மட்டும் நாஸில் இருக்கலாம், அதுவும் ரீட்-ஒன்லியாக. ரீட்-ஒன்லி என்றால் சாஃப்ட் மவுண்ட் போடலாம். எழுதும் இடத்தில் அது டேட்டாவைக் கெடுக்கும், படிக்கும் இடத்தில் பிழை காட்டி நிற்கும். தொங்குவதை விடப் பிழை மேல். காப்ளர் சர்வீஸ் மவுண்ட் வந்த பிறகே எழ வேண்டும் என்று சிஸ்டம்டியில் ஒரு வரி சேர்க்கலாம்.

இதைவிட எளிய வழியும் காப்ளரிலேயே இருக்கு. இம்போர்ட்டில் 'அவைலபிள்-ஆஸ்' என்ற ஆப்ஷன். பேக்கேஜ் மரம் இன்ன முகவரியில் ஏற்கெனவே இருக்கு என்று சொன்னால் போதும், காப்ளர் நகல் எடுக்காது. கணினிகள் நாஸிடம் நேராக ஹெச்டிடிபியில் கேட்டுக்கொள்ளும். சர்வர் நடுவே நின்று தண்ணி மொண்டு ஊற்ற வேண்டாம்.

தமிழ்நாட்டில் இது வெறும் வீட்டு லேப் விளையாட்டு இல்லை. உமாசங்கர் ஐஏஎஸ் காலத்தில் எல்காட் சூசே லினக்ஸுக்கு மாறியது. சென்னை சி-டாக்கில் உருவான பாஸ் லினக்ஸ் அரசு அலுவலகங்களுக்கு வந்தது. பாஸ் டெபியன் வழி வந்தது. டெபியன் வழிக்கு முழு மிரரே தேவையில்லை. ஏபிடி-கேச்சர்-என்ஜி போட்டால், கேட்ட பேக்கேஜ் மட்டும் சேரும். நாஸ் பேச்சே எழாது. லேபில் லினக்ஸ் தடுமாறினால் "லினக்ஸ்னாலே இப்படித்தான்" என்று சொல்லி விண்டோஸுக்குத் திரும்ப ஆள் தயாராக இருக்கு. பழி மவுண்ட் மேல் விழாது, லினக்ஸ் மேல் விழும்.

என் தீர்ப்பு இதுதான்: நாஸ் கிடங்காக இருக்கட்டும், அடுப்படியாக வேண்டாம். செய்துவிட்டோம் என்று நினைத்தால் ஒரு சின்னச் சோதனை. நிறுவல் பாதியில் இருக்கும்போது நாஸின் வயரை ஒரு நிமிடம் பிடுங்கிப் பாருங்க. எது நிற்குது, எது தொங்குது, வயரைத் திரும்பச் சொருகினால் எது தானாக எழுது என்று எழுதி வையுங்க. லேப் திறப்பு நாளுக்கு முன்னாடியே செய்துவிடுவது நல்லது.