வணிகப் பதிவும் பத்துக் குற்றமும்

விற்பவர் தம் பொருளை அறிவிப்பதும், வாங்குவோர் அவ்வறிவிப்புக்குச் செவிசாய்ப்பதும் இன்று நேற்றுத் தோன்றியன அல்ல. மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சியும், கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பட்டினப்பாலையும் நகரத் தெருக்களில் அசைந்த பலவகைக் கொடிகளைப் பாடுகின்றன. கள் விற்கும் இடத்துக்கும் தனியே ஒரு கொடி இருந்தது. எங்கே எது கிடைக்கும் என்பதைத் தொலைவில் வருவோனுக்கும் அக்கொடி தெரிவித்தது. அறிவிப்பின் முதற்கடன் அதுவே.

கொடி நின்ற இடத்தில் இன்று முகநூல், இன்ஸ்டாகிராம், டிக்டாக், வாட்சாப் எனும் புலனம் ஆகியவற்றின் பதிவுகள் நிற்கின்றன. மலேசியாவில் 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது, கடைத்தெருக்கள் அடங்கின, கைப்பேசிகள் கடைகளாயின. வீட்டிலிருந்தபடியே முறுக்கும் மசாலைத் தூளும் சேலையும் விற்போர் பலர் இப்பதிவுகளையே நம்பி வாழத் தலைப்பட்டனர். ஆதலின், பதிவில் எழுதும் ஒவ்வொரு சொல்லும் ஒரு வீட்டின் அடுப்போடு தொடர்புடையதாகிறது.

இவ்வகை எழுத்தைத் திறனாய்வுக்கு உரியதென்று தமிழறிஞர் கருதுவது அரிது. கவிதைக்கும் கதைக்கும் செலவிடும் கருத்தில் ஒரு சிறு பங்கும் இதற்குக் கிட்டியதில்லை. ஆயினும், எழுத்தில் அமைந்து, படிப்பவரை ஒரு செயலுக்குத் தூண்டுவது எதுவாயினும் அஃது உரைநடையே. உரைநடையாயின், குணமும் குற்றமும் ஆராயப்பெறத் தக்கதே. அளக்கும் கோலைத் தேடி அயல்நாடு செல்ல வேண்டுவதில்லை. பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்தில் நூலுக்குக் குற்றம் பத்தும் அழகு பத்தும் வகுத்துள்ளார். மாணவர்க்கு மனப்பாடமாகக் கற்பிக்கப்பெறும் அப்பட்டியல், கைப்பேசித் திரைக்கும் சாலப் பொருந்துவதைக் காணலாம்.

குறைவும் மிகையும்

தீபாவளிக் காலத்தில் வரும் பதிவுகளுக்கு ஒரு மாதிரி இவ்வாறு அமையும்: “அன்பார்ந்த வாடிக்கையாளர்களே! உங்கள் பேராதரவோடு வெற்றிநடை போடும் எங்கள் இல்லத்தின் கைவண்ணத்தில், பாரம்பரியச் சுவையும் உலகத் தரமும் ஒருங்கே அமைந்த, நாவூறும் பலகாரங்கள் உங்களுக்காக! முந்துங்கள்! விலைக்குத் தனிச்செய்தி அனுப்பவும்.”

இதில் என்ன பலகாரம் என்று இல்லை. எவ்வளவு என்று இல்லை. எந்த ஊர் என்றும் இல்லை. இது குன்றக் கூறல். விலையை மறைத்துத் தனிச்செய்திக்கு அழைக்கும் வழக்கத்தை மலாய் வணிகர் வட்டாரத்தில் ‘பி.எம். தெப்பி’ என்பர். அது சுவைக்குறை மட்டுமன்று. 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 2012இல் வெளிவந்த மின்வணிக விதிகள், இணையவழி விற்போர் தம் பெயர், தொடர்பு, பொருளின் தன்மை, முழுவிலை, பணம் செலுத்தும் முறை, பொருள் வந்துசேரும் காலம் ஆகியவற்றை வெளிப்படுத்துமாறு பணித்தன. குன்றக் கூறல் இங்கே இலக்கணப் பிழை என்னும் எல்லையைக் கடந்து சட்டப் பிழையும் ஆயிற்று.

குன்றிய இடத்தை மிகைபடக் கூறல் நிரப்புகிறது. ‘உலகத் தரம்’, ‘நாட்டிலேயே முதன்முறை’ என்பன மெய்ப்பிக்க முடியாத சொற்கள். ‘தரமே எங்கள் தாரக மந்திரம்’ என்பது எவரும் மறுக்காத, எவரும் நினைவிற்கொள்ளாத தொடர். இது வெற்றெனத் தொடுத்தல். ‘50 விழுக்காடு வரை கழிவு’ என்று பெரிதாக எழுதி, ‘வரை’ என்பதை மட்டும் எறும்பளவாகக் குறுக்குவது மயங்க வைத்தல். பொய்யான வணிக விவரிப்பைத் தடுக்க 2011இல் வணிக விவரிப்புச் சட்டம் இயற்றப்பெற்றது என்பதை இத்தகையோர் நினைத்தல் நலம்.

அடுக்கும் முறையும்

கைப்பேசித் திரைக்கே உரிய ஓர் இடர்ப்பாடும் உண்டு. இன்ஸ்டாகிராமில் படத்தின்கீழ் எழுதும் உரையில் தொடக்கத்துச் சில சொற்களே கண்ணில் படும். எஞ்சியது ‘மேலும்’ என்னும் சொல்லின் பின்னே மறைந்து நிற்கும். தமிழ்த் தொடரிலோ பயனிலை இறுதியில் வருவது இயல்பு. அடைமொழிகளை அடுக்கிக்கொண்டே சென்றால், சொல்லவந்த செய்தி திரைக்கு அப்பால் போய்விடும். மேற்காட்டிய மாதிரியில் ‘பலகாரங்கள்’ என்னும் சொல் பதினாறு சொற்களுக்குப் பின்னரே வருகிறது. குற்றம் மொழியினுடையது அன்று. சிறு தொடர்களாக நறுக்கத் தெரியாமையே குற்றம். ‘முறையின் வைப்பு’ என்று நன்னூல் கூறும் அழகு இங்கே வயிற்றுப் பிழைப்புக்கும் உதவுவதாகிறது.

ஒரே படத்தைப் பத்துப் புலனக் குழுக்களில் நாள்தோறும் இடுவது கூறியது கூறல். முடிந்த விற்பனையின் பதிவை நீக்காது விட்டு, தேடி வந்தவரை ஏமாற்றுவது நின்று பயனின்மை. ‘தொடர்பு கொள்ளவும்’ என்பது ‘தொடர்பு கொல்லவும்’ என்றும், ‘அணுகவும்’ என்பது ‘அனுகவும்’ என்றும் வருவன வழூஉச்சொல். தமிழ் எழுத்துக்கு ஒவ்வாத மென்பொருளில் வடிவமைத்து, ‘கெ’ என்னும் எழுத்தின் கொம்பு மெய்க்குப் பின்னே போய் நிற்பதைப் பாராமலே வெளியிடுவோரும் உளர். தாம் எழுதியதைத் தாமே ஒருமுறை படித்துப் பார்க்காதவர், பிறர் அதைப் படிக்க வேண்டுமென்று எதிர்பார்ப்பது எங்ஙனம்?

கையேந்தும் பதிவுகள்

வணிகப் பயிற்சி தருவோர் சிலர், ‘விருப்பம் இடுங்கள்’, ‘பத்து நண்பர்களுக்குப் பகிருங்கள்’ என்று எழுதினால் பதிவு பலரை எட்டும் எனக் கற்பிக்கின்றனர். இவ்வாறு கையேந்தும் பதிவுகளின் பரவலைக் குறைக்கப்போவதாக முகநூல் நிறுவனமே 2017 திசம்பரில் அறிவித்தது. ‘இன்றே கடைசி’ என்று வாரந்தோறும் எழுதுவதும் இவ்வினத்தைச் சேர்ந்தது. மூன்றாம் முறை படிப்பவன் அதனைப் பொய்யென்று அறிந்துகொள்கிறான். அதன்பின் அக்கடையின் மெய்யையும் நம்பான். பொருளை வெளிப்படக் கூறி, கொள்வதை மிகுதியாகக் கொள்ளாமலும் கொடுப்பதைக் குறைக்காமலும் விற்ற வணிகரைப் பட்டினப்பாலை போற்றுவது ஈண்டு எண்ணத்தக்கது.

தமிழுக்கு எஞ்சிய இடம்

இக்குற்றங்கள் அனைத்தினும் பெரிதாக ஒன்று உண்டு. தமிழர் கடைகள் பலவற்றின் பதிவுகளைக் கூர்ந்து நோக்கின், தலைப்பில் ‘இனிய தீபாவளி வாழ்த்துகள்’ தமிழில் ஒளிரும். பொருளின் பெயர், அளவு, விலை, முகவரி யாவும் ஆங்கிலத்திலோ மலாயிலோ இருக்கும். தமிழ் மாலைக்கு, பிறமொழி வேலைக்கு. பல இனத்தார் வாங்கும் கடையில் பிறமொழி வேண்டும் என்பதை எவரும் மறுக்கவில்லை. ஆனால் தமிழரே வாங்கும் சேலைக்கும் தாலிச்சங்கிலிக்கும் அவ்வாறு எழுதுவதன் காரணம் என்ன? தமிழில் எழுதினால் சுற்றி வளைக்கும், நீளும், தெளியாது என்னும் எண்ணமே காரணம். அவ்வெண்ணத்தை வளர்த்தவை மேற்கூறிய வெற்றுப் பதிவுகளே. விலையைச் சொல்லும் பணியை இழந்த மொழி, நாளடைவில் வாழ்த்து அட்டையில் மட்டுமே வாழும்.

‘பதிவு என்பது நூலன்று; அதில் இலக்கணம் பார்த்தால் உயிரோட்டம் போகும்; மக்கள் பேசுவதுபோல் எழுதினால்தான் படிப்பர்’ என்று சிலர் கூறக்கூடும். இதில் உண்மை இல்லாமல் இல்லை. விறைத்த செந்தமிழில் முறுக்கு விற்க முயல்வதும் ஒரு குற்றமே. கேட்போரையும் களத்தையும் காலத்தையும் செய்யுளின் உறுப்புகளுள் வைத்து எண்ணியவர் தொல்காப்பியர். கேட்போர் பக்கத்து வீட்டு அக்காள் என்றால், பேச்சு வழக்கு வரலாம், நகைச்சுவையும் வரலாம். பேச்சுத்தமிழ் பத்துக் குற்றத்துள் அடங்கவில்லை. மறைப்பும் பொய்யும் குழப்பமுமே அடங்கியுள்ளன.

மேற்சொன்ன பலகாரப் பதிவையே திருத்தி எழுதின், இவ்வாறு அமையலாம்: “தேங்காய்ப்பால் முறுக்கு. 50 முறுக்கு கொண்ட டின் 25 வெள்ளி. காலையில் சுட்டது மாலையில் உங்கள் கையில். கிள்ளான், ஷா ஆலம் பகுதிக்கு மட்டும் கொண்டுவந்து தருவோம். ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லி வையுங்கள். காரம் வேண்டுமா, வேண்டாமா? புலனத்தில் எழுதுங்கள்.”

இதில் அடைமொழி இல்லை, ஆயினும் நாவூறுகிறது. ‘தேங்காய்ப்பால்’ என்னும் ஒரு சொல் செய்த வேலையை ‘பாரம்பரியச் சுவை’ செய்யவில்லை. இறுதியில் உள்ள வினா, மறுமொழிக்காகக் கையேந்தவில்லை. வாங்குபவர் உண்மையிலேயே விடை சொல்ல வேண்டிய வினா அது. கேட்ட ஓசையில் எழுதித்தரும் எந்திரங்கள் இன்று பெருகியுள்ளன. ஆயினும் எந்த வீட்டு முறுக்கில் தேங்காய்ப்பால் சேர்ந்தது என்பதை அவ்வீட்டார் சொல்லாமல் எந்திரம் அறியாது. அறிந்தவர் எழுதுவதே விற்கும்.

தோட்டங்களில் பெரட்டு நடந்த காலத்தில், எவர், எந்த நிரைக்கு, எத்தனை மணிக்கு என்பதைக் கங்காணி சில சொற்களில் கூறுவார். இருள் விலகாத வேளையில் அரைத்தூக்கத்தோடு நிற்பவனுக்கும் அது விளங்கியாக வேண்டும். விரலால் திரையை நகர்த்திக்கொண்டே செல்லும் இன்றைய வாசகனும் அத்தகைய அரைக்கவனத்தோடுதான் நிற்கிறான்.

இக்கலையை வளர்க்கத்தக்க இடம் தமிழ்ப்பள்ளியின் கட்டுரை வகுப்பே. பத்துக் குற்றத்தை ஒப்புவிக்கச் சொல்வதோடு நின்றுவிடாமல், ஊர்க்கடை ஒன்றின் பதிவை மாணவர் முன் வைத்து, எந்தக் குற்றம் எங்கே உள்ளது என்று சுட்டச் சொல்லலாம். பின்னர் முப்பது சொல்லுக்குள் அதனைத் திருத்தி எழுதச் சொல்லலாம். அம்மாணவருள் ஒருத்தியின் தாயார் பலகாரம் விற்பவராக இருக்கலாம். அவ்வீட்டுக்குப் பதிவெழுதும் பொறுப்பு அன்று மாலையே அவளிடம் வந்து சேரும். நன்னூல் அவ்வீட்டில் பயன்தரத் தொடங்குவதும் அன்றைக்கே ஆகும்.