இறப்புப் பதிவேடும் கொலையாய்வும்: சப்பிரகமுவத் தோட்டங்களை முன்வைத்து

கொலை பற்றிய ஆய்வுக்குப் பொலிசாரின் குற்றப் புள்ளிவிபரங்களே போதுமெனக் கருதுவோர் உளர். அவை வழக்குகளைக் கணக்கிடுவன. இறப்புப் பதிவேடோ இறந்தவரைக் கணக்கிடுவது. கொன்றவர் அகப்படாவிடினும், குற்றம் நிரூபிக்கப்படாவிடினும் இறந்தவரின் வயதும் பாலும் தொழிலும் அங்கே எஞ்சி நிற்கும். பதிவேட்டின் தனிச்சிறப்பு இதுவே. எனினும் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களை நோக்குமிடத்து இச்சிறப்பும் ஐயத்துக்கு இடமாகின்றது.

1951ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கப் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் தோட்டத்தில் நிகழும் இறப்பை அறிவிக்கும் கடமையைத் தோட்டத் துரையிடம் ஒப்படைத்தது. சாவு சந்தேகத்துக்குரியதாயின் திடீர் மரண விசாரணை அதிகாரி விசாரித்து முடிவு கூறுவார். லயத்திலே தீக்காயமுற்று ஒரு பெண் இறக்கிறாள் எனக் கொள்வோம். குப்பி விளக்குச் சரிந்ததா, தானே மூட்டிக்கொண்டாளா, பிறர் மூட்டினரா என்பதற்குச் சாட்சி கணவனும் அயலவருமே. தமிழிற் கூறப்படுவது சிங்களத்தில் எழுதப்படுமிடத்து ஒரு சொல்லின் திரிபும் முடிவை மாற்றக்கூடும். நோய்களின் சர்வதேசப் பாகுபாட்டின் பத்தாம் திருத்தம் தாக்குதலால் நேர்ந்த சாவுக்கும் நோக்கம் துணியப்படாத சாவுக்கும் தனித்தனி வகுப்புகளை வைத்துள்ளது. பின்னதைப் புறக்கணிப்பவர் கொலைகளின் ஒரு பகுதியையும் உடன் புறக்கணிக்கக்கூடும்.

இறப்பு, நிகழ்ந்த இடத்திலேயே பதியப்படுவது இன்னொரு சிக்கல். தோட்டத்தில் வெட்டுண்டவர் இரத்தினபுரி வைத்தியசாலையில் உயிர்விடின் அச்சாவு நகரத்துப் பதிவேட்டைச் சேரும். வதிவிடத்தை நோக்காத ஆய்வாளருக்குத் தோட்டம் அமைதியாகவும் நகரம் கொடியதாகவும் தோன்றும்.

இத்தவறுகள் எண்களோடு நின்றுவிடுவனவல்ல. ஜாக்குலின் ஸ்ட்ராஸ், மரே ஸ்ட்ராஸ் ஆகியோர் 1953இல் வெளியிட்ட கட்டுரை, இறுக்கமான அமைப்புடைய சமூகத்தில் தற்கொலையும் நெகிழ்ந்த அமைப்புடைய சமூகத்திற் கொலையும் மிகுமென இலங்கையை முன்வைத்து வாதித்தது. கொலையொன்று தற்கொலையாகப் பதியப்படின் ஒன்று குறைய மற்றையது மிகும். ஆகவே ஒரு சமூகத்தின் இயல்பெனக் காணப்படுவது பதிவுமுறையின் இயல்பாகவும் இருத்தல் கூடும்.

1981 ஓகஸ்ட்டில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்கள் தாக்கப்பட்டபோது தொழிலாளர் பலர் இடம்பெயர்ந்தனர். சாவைச் சொல்ல வேண்டியவரே சிதறிய வேளையில், பதிவேட்டின் மௌனத்தைச் சாவின்மைக்குச் சான்றாகக் கொள்ளலாகாது.

பதிவேட்டைத் தள்ளிவிடுதல் இதற்குத் தீர்வன்று. மரண விசாரணை அறிக்கை, வைத்தியசாலைக் குறிப்பு, நீதிமன்ற ஏடு ஆகியவற்றோடு அதனைப் பெயர்பெயராய் ஒப்பிடல் வேண்டும்; தோட்ட மக்களின் வாய்மொழியையும் கேட்டல் வேண்டும். அப்போதுதான் பதிவேடு ஆய்வின் முடிவாகாது, அதன் தொடக்கமாகும்.