ஹாஸ்யத்துக்குக் கஜக்கோல்

பழைய அமெரிக்க, ஆங்கிலேயத் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர்களை வட்டுகளாக வாங்கிச் சேர்த்து, ஒவ்வொரு பதிப்பையும் முந்திய பதிப்போடு ஒப்பிட்டு, எதில் எத்தனை விநாடி குறைகிறது, எந்தப் பாட்டை எடுத்துவிட்டு எந்தப் பாட்டை ஒட்டியிருக்கிறார்கள் என்று சளைக்காமல் விவாதிக்கும் ரசிகர் கூட்டத்தைப் பற்றி அண்மைக் காலத்தில் ஓர் அபிப்பிராயம் செல்வாக்குப் பெற்று வருகிறது. தொலைக்காட்சி ஹாஸ்யத்தை மதித்து விமரிசிக்கப் படித்தவர்கள் முன்வராத குறையை இவர்கள்தாம் நீக்கியிருக்கிறார்கள் என்பதும், இவர்களுடைய நுணுக்கமான ஒப்பீட்டுக்கு முன்னால் மற்றவர்கள் எழுதும் ரசனைக் குறிப்புகளெல்லாம் உபசார வார்த்தைகளே என்பதும் அந்த அபிப்பிராயத்தின் சாரம். இவர்களைக் காவலர்கள் என்றால் நான் உடனே ஒப்புக்கொள்வேன். விமரிசகர்கள் என்பதில்தான் எனக்குச் சம்மதமில்லை.

காவல் பணியில் அவர்களுக்கு உரிய பெருமையை முதலிலேயே கொடுத்துவிடலாம். பி.பி.சி. நிறுவனம் ஒளிநாடாக்களைத் துடைத்துத் துடைத்து மறுபடியும் பயன்படுத்தி வந்த காலத்தில் அழிந்தவற்றில் 'டாட்ஸ் ஆர்மி' தொடரின் இரண்டாம் வரிசையைச் சேர்ந்த சில எபிசோடுகளும் உண்டு. அவற்றுள் இரண்டு 2001-ல் திரும்பக் கிடைத்தபோது அது ஒரு செய்தியாயிற்றென்றால், அந்த இழப்பை அத்தனை ஆண்டுகளாக மறக்காமல் மனத்தில் வைத்திருந்தவர்கள் ரசிகர்களே. ஒரு ராக் வானொலி நிலையத்தைக் களமாகக் கொண்டு 1978 முதல் 1982 வரை சி.பி.எஸ்.ஸில் ஓடிய 'டபிள்யூ.கே.ஆர்.பி. இன் சின்சினாட்டி' தொடரின் முதல் பருவம், 2007-ல் பாட்டுகள் பெரும்பாலும் மாற்றப்பட்டு டிவிடியாக வந்தபோது, பாட்டில்லாத வானொலி நிலையம் எதற்கு என்று கேட்டவர்களும் அவர்களே. 2014-ல் ஷவுட் ஃபேக்டரி நிறுவனம் பெரும்பாலான பாட்டுகளுக்கு உரிமை பெற்று முழுத் தொகுப்பையும் வெளியிட்டதில் அந்தக் கேள்விக்கும் பங்கு இருந்திருக்கும். இவ்வளவும் உண்மை.

ஆனால் அவர்கள் கையில் இருக்கும் அளவுகோல் எது என்பதை யாரும் கவனிப்பதாகத் தெரியவில்லை. இந்தத் தொடர்கள் வெட்டப்பட்ட வரலாறு எல்லோரும் அறிந்ததுதான். அரைமணி நேர நிகழ்ச்சி ஒன்றில் 1950-களில் ஏறத்தாழ 26 நிமிஷம் கதைக்குக் கிடைத்தது; பிற்காலத்தில் உள்ளூர் நிலையங்கள் பழைய தொடர்களை மறு ஒளிபரப்பாக விலைக்கு வாங்கியபோது, விளம்பரங்களுக்கு இடம் போதாமல் அது 22 நிமிஷத்தளவுக்குச் சுருக்கப்பட்டது. அப்படிச் சுருக்கியவன் கையாண்ட தர்மம் எளிமையானது: கதை புரிவதற்கு எது வேண்டாமோ அது போகட்டும். கதைக்கு வேண்டாதது எதுவென்று பார்த்தால், சண்டை போட்டுக்கொண்டே வெளியேறியவன் தொப்பியை மறந்துவிட்டுத் திரும்பி வருவதும், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதற்கு முன்னால் ஒருவன் மற்றவன் முகத்தை ஒரு கணம் பார்ப்பதும், பக்கத்து வீட்டுக்காரர் காரணமின்றி வந்து காரணமின்றிப் போவதுமே. அதாவது ஹாஸ்யம் எவற்றில் குடியிருக்கிறதோ அவையே. கதை நகராமல் நிற்கும் இடத்தில்தானே சிரிப்பு பிறக்கிறது! ஆகவே வெட்டியவனுடைய கத்தி தவறிப்போய் ஹாஸ்யத்தின்மேல் விழவில்லை. அவன் கொண்ட தர்மத்தின்படி அது வேறு எங்கும் விழுந்திருக்க முடியாது.

இந்த அநியாயத்தைக் கண்டு கொதித்தெழும் ரசிகர் சொல்வது என்ன? 'மூன்று நிமிஷம் பதினோரு விநாடி குறைகிறது' என்கிறார். எந்த மூன்று நிமிஷம், அது போனதால் எந்தச் சிரிப்பு போயிற்று, போன சிரிப்பு பின்னால் வரும் எந்தச் சிரிப்புக்கு ஆதாரமாக இருந்தது என்பவற்றைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தையும் இல்லை. ஒரு விநாடி இன்னொரு விநாடிக்குச் சமம் என்ற நம்பிக்கையில்தான் மறு ஒளிபரப்புக்காரன் வெட்டினான். அதே நம்பிக்கையில்தான் இவரும் வெட்டுப்பட்டதை அளக்கிறார். ஜவுளிக்கடையில் துணியைக் குறைத்துக் கிழித்தவனும், குறைத்துவிட்டான் என்று முறையிடுகிறவரும் ஒரே கஜக்கோலைத்தான் பிடித்திருக்கிறார்கள். துணி பட்டா பருத்தியா என்று பார்க்க இருவருக்கும் பொழுதில்லை.

அந்த வானொலித் தொடரிலேயே இதற்கு நல்ல உதாரணம் உண்டு. உயிருள்ள வான்கோழிகளை ஹெலிகாப்டரிலிருந்து கடைவீதியில் போட்ட கதையால் புகழ்பெற்ற எபிசோடில், நிலைய நிர்வாகி கார்ல்சன் ஒலிபரப்பு அறைக்குள் வருகிறார். பிங்க் ஃபிளாய்டின் 'டாக்ஸ்' என்ற பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. தாம் நடத்தும் நிலையத்தில் என்ன ஒலிக்கிறதென்றே அறியாத அந்தப் பெரிய மனிதர், நாய்கள் குரைப்பதுபோல் கேட்கிறதே என்று சந்தேகப்படுகிறார். பாட்டில் நாய்கள் மெய்யாகவே குரைக்கின்றன. இங்கே பாட்டு வெறும் பின்னணி அலங்காரம் அன்று. அந்தச் சந்தேகத்துக்கு விஷயமே அதுதான். 2007 தொகுப்பில் பாட்டு போனதும் வேடிக்கையின் வேரே போயிற்று. ஆனால் ரசிகர்கள் தயாரிக்கும் 'மாற்றப்பட்ட பாட்டுகள்' பட்டியல்களில் இது ஓர் இனம். கதவு திறந்து மூடுவதற்குள் நாலு விநாடி காதில் விழும் பெயர் தெரியாத கிதார் இசை இன்னோர் இனம். இரண்டும் பக்கம் பக்கமாக, சம அந்தஸ்தோடு நிற்கின்றன. 'ஹாப்பி டேஸ்' தொடரின் இரண்டாம் பருவம் 2007-ல் மூலப் பாட்டுகளை இழந்து வந்தபோதும் இப்படித்தான் நடந்தது. ஐம்பதுகளின் நினைவை எழுப்பவே பிறந்த தொடரில் எந்தப் பாட்டு காலத்தைக் காட்டியது, எது இடத்தை நிரப்பியது என்ற வித்தியாசத்தை எடுத்துச் சொல்வதல்லவா விமரிசகன் வேலை? பட்டியல் போட குமாஸ்தா போதும்.

ஹாஸ்யத்தில் காலப்பிரமாணம் என்ற ஒன்று இருக்கிறது. அது கடிகாரத்தில் ஏறாது. 'ஐ லவ் லூசி' தொடர் 1951-ல் தொடங்கியபோது, தயாரிப்பாளர் டெசி ஆர்னஸும் ஒளிப்பதிவாளர் கார்ல் ஃபிராயிண்டும் மூன்று காமிராக்களை வைத்து, நேரில் வந்து அமர்ந்த பார்வையாளர் முன்னிலையில், 35 மில்லிமீட்டர் ஃபிலிமில் அதைப் படமாக்கினார்கள். ஃபிலிமில் எடுத்ததால் இன்றைய ப்ளூ-ரே வட்டில் படம் எவ்வளவு துலக்கமாக இருக்கிறதென்று பேச ரசிகர்களுக்கு அலுப்பே தட்டாது. பார்வையாளர் முன்னிலையில் எடுத்ததால் விளைந்தது என்ன என்பது பற்றி மட்டும் பேச்சைக் காணோம். 1957-ல் வந்த ஓர் எபிசோடில் லூசி கோழிக் கூண்டுக்குள் யாருமறியாமல் வைப்பதற்காக ரவிக்கைக்குள் முட்டைகளை ஒளித்து வைத்திருக்கும் சமயத்தில், கணவன் ரிக்கி டாங்கோ நடன ஒத்திகைக்கு அழைக்கிறான். நடனத்தின் முடிவில் இருவர் மார்பும் மோத வேண்டும், மோதுகின்றன. அப்போது எழுந்த சிரிப்பு 65 விநாடி நீடித்தது என்றும், அந்தத் தொடரிலேயே மிக நீண்ட சிரிப்பு அதுவே என்றும் சொல்வார்கள். சிரிப்பு எழுந்து, உச்சத்துக்கு ஏறி, அடங்கும் வரையில் லூசியாக நடித்த லூசில் பால் வசனம் பேசாமல் அந்த அவஸ்தையை முகத்தாலும் உடம்பாலுமே தாங்கி நிற்கிறாள். வசனமில்லை, கதை நகரவில்லை, பாட்டில்லை. கஜக்கோலுக்கு இது வெற்றிடம்.

இதை நான் கற்பனையாகச் சொல்லவில்லை என்பதற்கு அவர்களே கொண்டாடும் வேறொரு வசதி சாட்சி. கொரிய யுத்தத்தைக் களமாகக் கொண்ட 'மாஷ்' தொடரின் டிவிடியில், சிரிப்பொலியை நிறுத்திவிட்டுப் பார்க்க வழி உண்டு. அந்தத் தொடருக்கு நேரில் வந்த பார்வையாளர் கிடையாது; ஒளிபரப்பு நிறுவனம் வற்புறுத்தியதால் சிரிப்பொலி பின்னால் சேர்க்கப்பட்டது; தொடரை உருவாக்கிய லாரி கெல்பார்ட் அதை விரும்பவில்லை; அறுவைச் சிகிச்சைக் காட்சிகளில் மட்டும் அது இல்லாதபடி பார்த்துக்கொண்டார்கள். ஆகவே அங்கே அதை நீக்குவது நியாயமே. ஆனால் அங்கே பெற்ற ருசியால், பார்வையாளர் முன்னிலையில் நடித்த தொடர்களிலும் சிரிப்பொலியைத் துடைத்துப் போட்டுக் காட்டி, 'பார்த்தீர்களா, இதில் ஒன்றுமே இல்லை' என்று நிரூபிப்பவர்கள் தோன்றிவிட்டார்கள். நடிகன் யாருக்காகக் காத்து நின்றானோ அவர்களை வெளியே தள்ளிவிட்டு, அவன் காத்து நிற்பதைப் பார்த்துக் கைகொட்டுவது என்ன ரசனையோ, அறியேன். இதில் விசேஷம் என்னவென்றால், நாலு விநாடி கிதாருக்காகப் பத்துப் பக்கம் வாதாடும் கூட்டம், ஒரு கூட்டத்தார் சிரித்த சிரிப்பு முழுவதும் போன பிறகும் வாய் திறப்பதில்லை. ஏன் திறக்கும்? எபிசோடின் நீளம் ஒரு விநாடியும் குறையவில்லையே!

பூரணத்துவ மோகம் அவர்களை எங்கே கொண்டு சேர்த்திருக்கிறது என்பதற்கு, லூசில் பாலின் கடைசித் தொடருக்கு அவர்கள் தந்த வரவேற்பைவிட வேறு சான்று தேட வேண்டியதில்லை. 'லைஃப் வித் லூசி' 1986-ல் ஏ.பி.சி.யில் தொடங்கியது. அப்போது அந்த அம்மையாருக்கு 75 வயது. உடன் நடித்த கேல் கார்டனுக்கு 80. பழைய வித்தைகளை உடம்பு இனி ஏற்காத நிலையில், அவற்றையே மறுபடியும் செய்யச் சொல்லி எழுதப்பட்ட அந்தத் தொடரில் 13 எபிசோடுகள் எடுக்கப்பட்டன. எட்டு ஒளிபரப்பானதும் நிறுத்திவிட்டார்கள். 2019-ல் அது முழுத் தொகுப்பாக டிவிடியில் வந்தபோது மகிழ்ச்சி கரைபுரண்டது. அதுவரை ஒளிபரப்பாகாத ஐந்தும் வெட்டின்றி முழுமையாக இருக்கின்றனவாம். சரித்திர ஆராய்ச்சிக்கு அவை பயன்படும், மறுக்கவில்லை. ஒவ்வொன்றும் எத்தனை நிமிஷம், படம் எவ்வளவு துலக்கம், பெட்டியின் மேலட்டை எப்படி என்பதெல்லாம் ஒன்றுவிடாமல் பேசப்பட்டன. அந்த ஐந்தில் ஒன்றாவது சிரிப்பு மூட்டுகிறதா என்று கேட்டவர் ஒருவரும் என் கண்ணில் படவில்லை.