டிப்ஸ் சரி, விலை எங்கே?

2025 மார்ச் 11 அன்று இங்கிலாந்தின் செல்ட்டன்ஹாம் திடலில் ‘சாம்பியன் ஹர்டில்’ என்ற தடைதாண்டும் குதிரைப் பந்தயம் நடந்தது. கான்ஸ்டிட்யூஷன் ஹில் என்ற குதிரை அதுவரை ஓடிய எந்தப் பந்தயத்திலும் தோற்றதில்லை. இரண்டு பவுண்டு கட்டினால் ஒரு பவுண்டுதான் லாபம் என்கிற அளவுக்கு அதன் விலை இறங்கியிருந்தது. ஐந்தாவது தடையில் அது விழுந்தது. பந்தயம் ஸ்டேட் மேன் பக்கம் சாய்ந்தது. முந்தைய ஆண்டு இதே பந்தயத்தை வென்ற குதிரை, நல்ல முன்னிலை, தாண்ட வேண்டியது ஒரே ஒரு தடை. அங்கே அதுவும் விழுந்தது. ஒன்றுக்கு 25 விலையில் கிடந்த கோல்டன் ஏஸ் என்ற பெண்குதிரை வென்றுவிட்டது.

பத்திரிகைகளின் டிப்ஸ் பட்டியலில் ஸ்டேட் மேனைச் சொன்னவருக்கும், கடைசியில் திணறிக்கொண்டு வந்த குதிரையைச் சொன்னவருக்கும் ஒரே மதிப்பெண்: தோல்வி. ஒருவர் கணிப்பு கடைசித் தடைவரை சரி, மற்றவருடையது முதல் அடியிலிருந்தே தப்பு. பட்டியலுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. தடைதாண்டும் பந்தயத்தில் டிப்ஸ் சொல்வதையும் அதை நம்பிப் பணம் கட்டுவதையும் எடைபோட உட்காரும்போது முதலில் இடிப்பது இதுதான். வென்றதா தோற்றதா என்பதை மட்டும் பார்த்து ஒரு டிப்ஸ்டரை அளக்க முடியாது. ஆனால் பணம் கட்டியவருக்கு வேறு எந்த அளவுகோலும் சோறு போடாது.

டிப்ஸ் என்றாலே ஏமாற்று வேலை என்று ஒதுக்குவது எளிது, அது நியாயமில்லை. தடைதாண்டும் பந்தயம் படித்துப் புரிந்துகொள்ளக்கூடிய விளையாட்டு. சமதளப் பந்தயத்தின் நட்சத்திரங்கள் மூன்று நான்கு வயதிலேயே இனப்பெருக்கப் பண்ணைக்குப் போய்விடுகின்றன. தடைதாண்டும் குதிரைகளில் பெரும்பாலானவை காயடிக்கப்பட்டவை. பத்துப் பன்னிரண்டு வயதுவரை குளிர்காலம் தவறாமல் திரும்பி வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் நீண்ட வரலாறு சேர்ந்துவிடுகிறது. மூன்றரை அடி ஹர்டிலில் பறந்த குதிரை நாலரை அடி வேலியில் தயங்குமா, சேற்றில் ஓடுமா, வலப்பக்கம் திரும்பும் திடல் பிடிக்குமா, இடப்பக்கமா என்பதெல்லாம் பதிவாகிறது.

கெம்ப்டன் திடல் தட்டையானது, வலப்பக்கம் சுற்றுவது. காட்டோ ஸ்டார் என்ற குதிரை அங்கே கிங் ஜார்ஜ் பந்தயத்தை ஐந்து முறை வென்றது. செல்ட்டன்ஹாமிலோ கடைசியில் ஒரு மேடு ஏறியாக வேண்டும். அங்கே மூச்சு வாங்கும் குதிரையின் வேகம் உதவாது. டைகர் ரோல் செல்ட்டன்ஹாமின் கிராஸ்-கன்ட்ரி பந்தயத்தில் விதவிதமான தடைகளை நிதானமாகத் தாண்டியதைக் கவனித்தவர்கள், 2018-இலும் 2019-இலும் அது எயின்ட்ரீயில் கிராண்ட் நேஷனலை வென்றபோது வியந்திருக்க மாட்டார்கள். அது குருட்டு யோகமில்லை. கிண்டி குதிரைப் பந்தயம் பற்றிய வழக்கில் 1996-இல் இந்திய உச்ச நீதிமன்றம் இதைத் திறமை சார்ந்த விளையாட்டு என்று தீர்ப்பளித்ததும் ஏறக்குறைய இதே காரணத்தால்தான்: குதிரையின் வம்சம், பயிற்சி, ஜாக்கி, பழைய ஓட்டங்கள் எல்லாவற்றையும் எடைபோட முடிகிறது.

சிக்கல் அதற்கு அடுத்த படியில். குதிரையை அறிவது ஒரு திறமை, அந்த அறிவைப் பணமாக்குவது இன்னொரு திறமை. டிப்ஸ் வியாபாரம் முதலாவதைக் காட்டி இரண்டாவதை விற்கிறது.

நடுவே நிற்பது விலை. சம பலமுள்ள ஐந்து குதிரைகள் ஓடினால் நியாயமான விலை ஒன்றுக்கு 4. பந்தயப் பணம் வாங்கும் புக்கி ஒன்றுக்கு 3 தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றின் வாய்ப்பையும் அவர் 25 சதவீதம் என்று விற்கிறார். ஐந்தையும் கூட்டினால் 125 வருகிறது. அந்த மிச்சம் 25-இல்தான் அவர் கடை நடக்கிறது. குருட்டாம்போக்கில் கட்டுபவருக்கு நீண்டகாலத்தில் ஒரு பவுண்டுக்கு 80 பென்ஸ்தான் திரும்பும். மிகக் குறைந்த விலையுள்ள குதிரைகளான ஃபேவரிட்டுகள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பந்தயத்தை வெல்கின்றன. ஆனாலும் எல்லா ஃபேவரிட்டுகள் மீதும் கட்டிக்கொண்டே போனால் நஷ்டம்தான், ஏனென்றால் அவை வெல்லும் என்பது விலையில் ஏற்கெனவே சேர்ந்திருக்கிறது. ஒரு டிப்ஸ் பயன்பட வேண்டுமானால் வெல்லும் குதிரையைச் சொன்னால் போதாது. சந்தை குறைத்து மதிப்பிட்ட குதிரையைச் சொல்ல வேண்டும்.

சொன்ன உடனே சந்தை விழித்துக்கொள்கிறது. ‘ரேசிங் போஸ்ட்’ நாளிதழின் ‘பிரைஸ்வைஸ்’ பத்தி இதற்குப் பேர்போனது. அதில் ஒரு குதிரையின் பெயர் வந்ததும் புக்கிகள் அதன் விலையை வெட்டிவிடுவார்கள். 100 டிப்ஸ், ஒவ்வொன்றுக்கும் ஒரு பவுண்டு, அதில் 9 வெற்றி என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எல்லாம் ஒன்றுக்கு 12 விலையில் கிடைத்திருந்தால் 117 பவுண்டு திரும்பும், 17 லாபம். வாசகர் கடைக்குப் போய்ச் சேர்வதற்குள் விலை ஒன்றுக்கு 9 ஆகியிருந்தால் 90 பவுண்டுதான் திரும்பும், 10 நஷ்டம். அதே டிப்ஸ், அதே வெற்றிகள். டிப்ஸ்டரின் பட்டியலில் லாபம் நிற்கும், வாசகரின் பையில் ஓட்டை விழும். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

பத்துக்கு ஒன்றுகூட வெல்லாத இந்தக் கணக்கில் பொறுமையும் பெரிய சோதனை. 9 சதவீத வெற்றி உள்ளவர் தொடர்ந்து 20 முறை தோற்க ஏறக்குறைய 15 சதவீத வாய்ப்பு இருக்கிறது. 500 டிப்ஸ் சொன்னால் இடையில் 40 தோல்வி வரிசையாக வந்தாலும் அதில் அதிசயம் ஒன்றுமில்லை. திறமையானவருக்கே இந்த நிலை. பத்தாவது தோல்வியில் சந்தேகம், இருபதாவதில் இரட்டிப்புப் பணம், முப்பதாவதில் வேறு டிப்ஸ்டர் என்று போவதுதான் மனித இயல்பு.

மறுபக்கம், திறமையே இல்லாமலும் பெயர் வாங்கலாம். பிரிட்டிஷ் மனவித்தைக்காரர் டெரன் பிரவுன் 2008-இல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் இதைப் போட்டு உடைத்தார். ஒரு பெண்ணுக்கு அவர் அனுப்பிய டிப்ஸ் ஐந்து முறை தொடர்ந்து பலித்தது. சூத்திரம் எளிது: 7,776 பேரை ஆறு கூட்டமாகப் பிரித்து, ஆறு குதிரைகளில் ஒவ்வொன்றையும் ஒரு கூட்டத்துக்குச் சொல்லிவிடுவது, வென்ற கூட்டத்தை மறுபடியும் ஆறாகப் பிரிப்பது. ஐந்து சுற்று முடிந்தால் ஒருவர் மிஞ்சுவார். அவருக்கு அது அற்புதம், மற்ற 7,775 பேருக்குக் குப்பை அஞ்சல். ஆயிரக்கணக்கான டிப்ஸ்டர்கள் உள்ள ஊரில் இதை யாரும் திட்டமிட வேண்டியதே இல்லை. தானாகவே சிலர் ஒரு பருவம் முழுக்க ஜொலிப்பார்கள். அவர்கள்தான் விளம்பரம் செய்வார்கள்.

விளம்பரம் என்றதும் மோனோலூலு நினைவுக்கு வருவார். தலையில் தீக்கோழி இறகுகளுடன் இங்கிலாந்துத் திடல்களில் உறையில் போட்ட டிப்ஸ் விற்றவர், அபிசீனியாவின் இளவரசர் என்று சொல்லிக்கொண்டவர். பிறந்தது கரீபியன் தீவொன்றில். அவர் விற்றது பெரும்பாலும் வேடிக்கை, வாங்கியவர்களுக்கும் அது தெரியும். இன்றைய சமூக ஊடக டிப்ஸ்டர் அவ்வளவு வெள்ளையில்லை. இலவச டிப்ஸோடு புக்கியின் இணைப்பைத் தருகிறார். அந்த இணைப்பு வழியாகக் கணக்குத் திறப்பவர் இழக்கும் பணத்தில் அவருக்கு ஒரு பங்கு வரும் ஒப்பந்தங்கள் இந்தத் தொழிலில் சாதாரணம். வாசகர் தோற்றால் வழிகாட்டிக்கு வருமானம். இந்த ஏற்பாட்டில் ஒருவர் நேர்மையாக இருக்கலாம். ஆனால் நேர்மைக்குக் கூலி இல்லை.

உண்மையிலேயே மதிப்புள்ள தகவல் எப்படி நடத்தப்படும் என்பதற்கு அயர்லாந்தின் பெல்யூஸ்டவுன் சாட்சி. 1975 ஜூன் 26. பார்னி கர்லி என்ற பந்தயக்காரரின் யெல்லோ சாம் என்ற குதிரை, அதற்கு ஒவ்வாத பந்தயங்களில் முன்பு ஓடவிடப்பட்டதால் மதிப்பீட்டில் கீழே கிடந்தது. அன்று அதற்கு ஏற்ற, அமெச்சூர் ஜாக்கிகளுக்கான ஹர்டில் பந்தயம். நாடெங்கும் உள்ள பந்தயக் கடைகளில் கர்லியின் ஆட்கள் சிறு சிறு தொகைகளாகப் பணம் கட்டினார்கள். கடைகள் பணம் கொடுப்பது திடலில் முடிவாகும் தொடக்க விலையில். இத்தனை பணம் குவிவதை உணர்ந்த கடைக்காரர்கள் திடலுக்குத் தகவல் சொல்லி விலையை இறக்க வேண்டும். ஆனால் திடலுக்கு இருந்தது ஒரே ஒரு தொலைபேசி. சாகக் கிடக்கும் அத்தையோடு பேசுவதாகச் சொல்லி கர்லியின் ஆள் ஒருவர் அதைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. விலை ஒன்றுக்கு 20-இலேயே நின்றது, குதிரை வென்றது, 3,00,000 பவுண்டு அளவுக்கு லாபம். சட்டப்படி கர்லியைத் தொட முடியவில்லை. புக்கிகள் வயிற்றெரிச்சலோடு ஒற்றைப் பவுண்டு நோட்டுகளாக மூட்டை கட்டிக் கொடுத்தார்கள்.

இந்தக் கதையை ரசிகர்கள் வீரசாகசமாகச் சொல்வது வழக்கம். டிப்ஸ் வாங்குபவர்கள் அதன் மறுபக்கத்தையும் பார்ப்பது நல்லது. அந்த யுக்தி பலித்ததே யாருக்கும் சொல்லாததால்தான். அதோடு, அன்று யெல்லோ சாமின் பழைய ஓட்டங்களை ஒழுங்காகப் படித்துக் கணித்த டிப்ஸ்டர்தான் முட்டாளானார். அந்த ஓட்டங்கள் அவர் கண்ணைக் கட்டவே ஓடப்பட்டவை. படிப்பாளியின் ஆதாரமே ஜோடிக்கப்பட்டிருக்கலாம் என்பது திறமை வாதத்தின் பலவீனமான இடம். இன்று கண்காணிப்பு அதிகம், ஓட்டங்கள் எல்லாம் படமாகின்றன, சொந்தக் குதிரை தோற்கும் என்று அதன் உரிமையாளர் பணம் கட்டவும் தடை இருக்கிறது. இருந்தும் லாயத்துக்கு உள்ளே தெரிவது வெளியே தெரிவதைவிட எப்போதும் ஒரு படி அதிகம்.

உள்ளே இருந்தவரின் இன்னொரு கதை, இது கள்ளமற்றது. பயிற்சியாளர் நிக்கி ஹெண்டர்சனின் லாயத்தில் வேலை பார்த்த கோனர் மர்ஃபி, 2012 செல்ட்டன்ஹாம் விழாவுக்குப் பல வாரங்கள் முன்பே தன் முதலாளியின் ஐந்து குதிரைகளைச் சேர்த்து 50 பவுண்டு கட்டினார். ஐந்தும் வென்றன. புக்கி நிறுவனத்தின் உச்சவரம்பான 10 லட்சம் பவுண்டு கைக்கு வந்தது. அவர் அமெரிக்கா போய்ப் பயிற்சியாளரானார். இந்தச் செய்திதான் இப்படி ஒன்றோடொன்று கோத்துக் கட்டும் பழக்கத்துக்குத் தூபம் போடுகிறது. கணக்கு வேறு மாதிரி. ஒவ்வொரு பந்தயத்திலும் புக்கியின் சதவீதக் கூட்டுத்தொகை 115 என்றால், நான்கைக் கோத்தவருக்குச் சராசரியாக ஒரு பவுண்டுக்கு 57 பென்ஸ்தான் திரும்பும்.

2015 விழாவின் முதல் நாளில் பயிற்சியாளர் வில்லி மல்லின்ஸின் நான்கு ஃபேவரிட்டுகளைக் கோத்தவர்கள் ஏராளம். மூன்று வென்றுவிட்டன. நான்காவதான ஆனி பவர் கடைசித் தடையில், முன்னிலையில் இருந்தபோது, விழுந்தது. அந்த ஒரு தடுமாற்றத்தால் பல கோடி பவுண்டு தப்பியது என்று புக்கிகளே பெருமூச்சு விட்டார்கள். வென்றது அதே மல்லின்ஸின் இன்னொரு குதிரை என்பது கடுப்பான கூடுதல் செய்தி.

இத்தனையையும் தாண்டி ஒருவர் விலையை அறிந்து, பொறுமையோடு கட்டி, லாபம் பார்க்கிறார் என்றே வைத்துக்கொள்வோம். அப்போது புக்கி அவர் கணக்கின் உச்சவரம்பை ஓரிரு பவுண்டுக்கு இறக்கிவிடுவார், அல்லது கணக்கையே மூடுவார். குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்த கதை. தோற்கும்வரை வாடிக்கையாளர், ஜெயித்தால் வேண்டாதவர். இந்தப் பந்தயப் பழக்கத்தின் ஆகப் பெரிய குறை இதுதான் என்று சொல்ல வேண்டும். வேலியில் விழுவது விளையாட்டின் இயல்பு, இது வியாபாரத்தின் தேர்வு.

2000-இல் வந்த பெட்ஃபேர் போன்ற தளங்கள் இதற்கு ஒரு பதில். அங்கே மனிதருக்கு மனிதர் எதிராகக் கட்டுகிறார்கள், தளம் கமிஷன் எடுத்துக்கொள்கிறது. வென்றவரைத் துரத்தும் அவசியம் குறைவு. ஆனால் அங்கும் சறுக்கல் உண்டு. 2011 டிசம்பர் 28-இல் அயர்லாந்தின் லெப்பர்ட்ஸ்டவுனில் வொலேர் லா வெடெட் என்ற குதிரை வெற்றிக்கோட்டை நெருங்கும்போதும் அதற்கு ஒன்றுக்கு 28 விலை திரையில் நின்றது. ஒரு தானியங்கி நிரலின் கோளாறு. பார்த்தவர்கள் பாய்ந்து கட்டினார்கள். பெட்ஃபேர் பந்தயத்தின்போது கட்டப்பட்ட அத்தனையையும் செல்லாது என்று அறிவித்துவிட்டது.

தோற்பவரின் பணம் எங்கே போகிறது என்பதையும் பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல முடியாது. பிரிட்டனில் 1961 மே மாதம் பந்தயக் கடைகள் சட்டப்படி திறந்தன. புக்கிகளின் லாபத்தில் ஒரு பகுதி தீர்வையாகக் குதிரைப் பந்தயத்துக்கே திரும்பும் ஏற்பாடும் அப்போது பிறந்தது. இன்று அது 5 லட்சம் பவுண்டுக்கு மேற்பட்ட மொத்த லாபத்தில் 10 சதவீதம். பரிசுத் தொகைக்கும் குதிரை மருத்துவத்துக்கும் அதிலிருந்து பணம் போகிறது. சனிக்கிழமை ஐந்து பவுண்டு தோற்கும் ஓய்வூதியர் ஒரு வகையில் இந்த விளையாட்டின் புரவலர். மனமறிந்து கொடுத்தால் அது கேளிக்கைச் செலவு. டிப்ஸ் வியாபாரம் அதை முதலீடு என்று பெயர் மாற்றும்போதுதான் குடும்பங்கள் கவிழ்கின்றன. தொலைவு இதற்குத் தடையில்லை. கொழும்பின் ‘புக்கி’ கடைகளில் மாலை வேளையில் பிரிட்டிஷ் பந்தயங்களுக்குப் பணம் கட்டும் தமிழர்களில் பெரும்பாலோர் அந்த வேலிகளை நேரில் பார்த்ததே இல்லை.

சூதாட்டத்தை இறுக்கும் வேலையில் பிரிட்டன் சில நல்ல அடிகளை எடுத்து வைத்திருக்கிறது. 2020 ஏப்ரலில் கடன் அட்டையில் சூதாடுவது தடை செய்யப்பட்டது. பெருந்தொகை இழப்பவர்களின் நிதிநிலையைச் சோதிக்கும் முறையும் வந்துகொண்டிருக்கிறது. தோற்பவரைக் காக்கும் இந்த விதிகளுக்கு ஈடாக, வெல்பவரைத் துரத்தாதிருக்க விதி எதுவும் இல்லை. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் 2014-இலேயே, தன் பந்தயத் திடல்களில் ஓடும் குதிரைகள் மீது ஒரு குறிப்பிட்ட தொகைவரை யார் கட்டினாலும் புக்கிகள் ஏற்றே தீர வேண்டும் என்று விதித்தது. டிப்ஸ்டர்கள் தங்கள் பட்டியலைத் தாங்கள் சொன்ன விலையில் போடாமல் வாசகருக்குக் கிடைத்த தொடக்க விலையில் போட்டாக வேண்டும் என்று பிரிட்டன் இதோடு சேர்த்துச் சொன்னால், இன்று லாபக் கணக்குக் காட்டும் பெயர்களில் எத்தனை மிஞ்சும் என்பது ஒரே பருவத்தில் தெரிந்துவிடும்.