ஒரே மூச்சில் எண்ணச் சொல்லுங்கள்

ஜவ்வாது மலையடிவாரத்துப் படவேட்டில் வாழைத்தோட்டத்துக் கொட்டகையில் பாய் விரித்துத் தரையில் படுத்தவரைக் கட்டுவிரியன் கடித்தால் பெரும்பாலும் வலி தெரியாது. கடிவாயும் சரியாகத் தெரியாது. விடியற்காலையில் வயிற்றுவலி என்பார். பிறகு இமை தொங்கும், நாக்குக் குழறும். கண்ணமங்கலம் வழியாக வேலூர் போய்ச் சேர்வதற்குள் மூச்சுத் தசைகள் ஓய்ந்துவிடலாம்.

வென்டிலேட்டரில் போட்டுவிட்டால் இன்றைய ஐசியூ அவரைக் கண்ணிமைபோலக் காக்கிறது. இதயத் துடிப்பு, ரத்த அழுத்தம், ஆக்சிஜன், வெளிவிடும் கரியமில வாயு எல்லாம் திரையில் ஓடிக்கொண்டே இருக்கும். வென்டிலேட்டர் குழாய் கழன்றால் கரியமில வாயுவின் கோடு நொடிகளில் தட்டையாகிவிடும். அலாரம் கேட்டு நர்ஸ் ஓடிவருவார். பின்னிரவில் இதற்கு ஈடான காவல் வேறில்லை.

எண்களைக் கூட்டி 'இவர் பிழைப்பாரா' என்று சொல்லவரும் கணக்கைத்தான் நான் ஏற்கத் தயங்குகிறேன். உலகமெங்கும் புழங்கும் 'அப்பாச்சி 2' என்ற கணக்கு, அமெரிக்காவின் 13 மருத்துவமனைகளில் சேர்ந்தவர்களை வைத்து 1985இல் வெளியானது. கண் திறக்காமல், பேசாமல், அசையாமல் கிடப்பவருக்கு அதில் நினைவுக் குறைவுக்காக மட்டும் 12 அபாயப் புள்ளி ஏறும். கட்டுவிரியன் கடித்தவரும் அப்படித்தான் கிடப்பார். டார்ச் அடித்தால் கண்மணிகூடச் சுருங்காமல் போகலாம். ஆனால் உள்ளே மூளை விழித்திருக்கக்கூடும். கட்டிலருகே உறவினர் அழுவது அவர் காதில் விழக்கூடும். சில நாள் வென்டிலேட்டர் தாங்கிப் பிடித்தால் எழுந்து வீட்டுக்கு நடந்தே போவார். கணக்கு பார்ப்பது செயலிழந்த மூளையை. நோயாளிக்கு இருப்பதோ செயலிழந்த தசை.

புதிய மென்பொருள்களிலும் இந்தக் குறை தீரவில்லை. அமெரிக்காவில் பரவலாகப் புழங்கிய, செப்சிஸை (தொற்று முற்றி உறுப்புகளைக் கெடுக்கும் நிலை) முன்கூட்டிச் சொல்லும் ஒரு நிரலை மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் சோதித்து 2021இல் முடிவை வெளியிட்டார்கள். செப்சிஸ் வந்தவர்களில் 67 சதவீதத்தினரை அது தவறவிட்டிருந்தது. பிறந்த நாட்டிலேயே இந்த நிலை என்றால், ஜவ்வாது மலையடிவாரத்து நோயாளியைப் பற்றி அப்படியொரு நிரல் சொல்வதைச் சோதிக்காமல் நம்பக்கூடாது.

ஆக்சிஜன் அளவும் கட்டுவிரியன் கடியில் ஏமாற்றும். மூச்சு தளரத் தொடங்கிய பிறகும் அது வெகுநேரம் சரியாகவே காட்டும். அதற்கு முன்பே உண்மையைச் சொல்லும் சோதனைக்குக் காசு வேண்டாம்: ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என எண்ணச் சொல்ல வேண்டும், எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தால் தாமதிக்கக் கூடாது. ரத்தம் உறைவதைக் கெடுக்கும் கண்ணாடி விரியன் கடிக்கு ஒரு கண்ணாடிக் குழாயும் கடிகாரமும் போதும். குழாயில் எடுத்த ரத்தம் 20 நிமிடத்தில் உறையாவிட்டால் விஷமுறிவு மருந்து தேவை.

2024இல் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய ஒன்றாக அறிவித்தது. சென்னை மருத்துவர்கள் முன்னின்று, இலங்கைப் பதிவேட்டின் அனுபவத்தைக் கொண்டு, இந்தியத் தீவிர சிகிச்சைப் பதிவேட்டையும் தொடங்கியிருக்கிறார்கள். நம் ஐசியூக்களுக்கான கணக்கு இத்தகைய பதிவுகளிலிருந்துதான் பிறக்க வேண்டும். புள்ளிகளைக் கூட்டும் முன், நோயாளி நேற்றிரவு எங்கே படுத்திருந்தார் என்று அது முதலில் கேட்க வேண்டும்.